குதிரையும் வில்லும் – 9: துறவியிடம் கேட்ட பாடம்

1186-ஆம் ஆண்டின் எட்டாம் மாதம், 15-ஆம் நாள். சந்திர மாதக் கணக்கில் அது பௌர்ணமி. காமகுராவில் தாம் எழுப்பிய ஹச்சிமான் கோயிலுக்கு வழிபட வந்த மினமோதோ யோரிதோமோ, தோரி வாயிலருகே ஒரு முதிய பௌத்தத் துறவி சுற்றிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். யாரென்று விசாரித்து வர ஆள் அனுப்பினார். பதில் வந்ததும், வழிபாடு முடிந்த கையோடு தாம் சந்திக்க விரும்புவதாகச் சொல்லி அனுப்பினார்.

வந்திருந்தவர் சைக்யோ. நிலவையும் செர்ரிப் பூவையும் பாடி நாடெங்கும் பெயர் பெற்ற கவிஞர். அப்போது அவருக்கு எழுபதை எட்டும் வயது. போரில் எரிந்துபோன நாராவின் தோதாய்ஜி ஆலயத்தைத் திரும்பக் கட்டப் பொன் திரட்டுவதற்காக, வடகிழக்கு மாகாணமான முத்சுவுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். காமகுரா வழியில் வந்த ஓர் ஊர்.

ஆனால் யோரிதோமோவுக்குக் கவிஞர் சைக்யோவைவிட, துறவு பூணுவதற்கு முன்பிருந்த மனிதரே முக்கியம். அந்த மனிதரின் பெயர் சாதோ நோரிகியோ. கியோத்தோவில் ஓய்வுபெற்ற பேரரசர் தோபாவின் மெய்க்காவல் படையில் இருந்தவர். 940-இல் தைரா மசகாதோவின் கலகத்தை அடக்கிய புஜிவாரா ஹிதேசாதோவின் வழிவந்தவர். குதிரைமேல் நின்று வில்லெய்யும் முறை அந்தக் குடும்பத்தில் ஒன்பது தலைமுறையாகக் கைமாறி வந்திருந்தது. முந்தைய ஆண்டு தான்னோஉரா கடற்போரில் தைரா குலத்தை முற்றாக ஒழித்து, நாட்டின் பெரும் படைபலத்தைக் கையில் வைத்திருந்த யோரிதோமோவிடம் இல்லாத ஒன்று, கந்தல் அங்கி அணிந்த இந்தத் துறவியிடம் இருந்தது.

அந்தச் சந்திப்பை விரிவாகப் பதிவுசெய்திருப்பது ‘அசுமா காகாமி’. காமகுரா அரசின் நிகழ்வுகளை நாள்வாரியாகச் சொல்லும் நூல் அது. பின்னாளில் ஹோஜோ குடும்பத்தின் செல்வாக்கில் தொகுக்கப்பட்டதால் அவர்களைப் புகழும் இடங்களில் நாம் சற்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சைக்யோ வந்த நாளின் குறிப்பில் அந்தச் சாய்வுக்கு வேலையில்லை. யோரிதோமோ கவிதையைப் பற்றியும் வில்லையும் குதிரையையும் பற்றியும் கேட்கிறார். கவிதையில் மறைபொருள் ஏதுமில்லை, பூவையும் நிலவையும் கண்டு மனம் அசையும்போது முப்பத்தொரு அசைகளைக் கட்டுவதோடு சரி என்கிறார் சைக்யோ. வில்வித்தையோ பாவத்துக்கு வித்து. துறவு கொண்டபோதே குடும்பத்து ஏடுகள் எரிந்துபோயின, இப்போது எதுவும் நினைவில் இல்லை என்று தட்டிக் கழிக்கிறார்.

அப்படிச் சொன்னவர், பேச ஆரம்பித்ததும் விடிய விடியப் பேசினார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதிவைக்கும்படி புஜிவாரா தோஷிகானே என்ற எழுத்தரை யோரிதோமோ உட்கார வைத்தார். மறுநாள் நண்பகலில் சைக்யோ கிளம்பினார். எவ்வளவு வற்புறுத்தியும் தங்கவில்லை. யோரிதோமோ வெள்ளியில் செய்த பூனை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். வெளிவாசலைத் தாண்டியதும், அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் துறவி போய்விட்டார்.

வெள்ளிப் பூனைக் கதை ஜப்பானில் குழந்தைகளுக்கும் தெரியும். நம் தொடருக்குத் தேவை அந்த இரவில் எழுதப்பட்டவை. அவற்றில் ஒரே ஒரு குறிப்பு 51 ஆண்டுகள் கழித்து எப்படித் திரும்பி வந்தது என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

வென்றவருக்கு ஏன் பாடம் தேவைப்பட்டது? யோரிதோமோவின் ஆட்கள் கிழக்கு மாகாணங்களின் நிலக்கிழார்கள். காட்டிலும் களத்திலும் வளர்ந்தவர்கள். ஓடும் குதிரையிலிருந்து மானை வீழ்த்த அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு தெய்வத்தின் முன்னால், குறித்த உடையில், குறித்த வரிசையில், மூன்று இலக்குகளை ஒரே ஓட்டத்தில் எய்யும் ‘யபுசமே’ தலைநகரின் கலை. 11-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கியோத்தோவுக்குத் தெற்கே தோபா அரண்மனையில் பேரரசர்கள் பார்த்து ரசித்தது. ‘பேரரசரின் காவல்காரர்கள்’ என்ற நிலையிலிருந்து ‘ஆள்பவர்கள்’ என்ற நிலைக்கு உயர விரும்பிய ஒரு வீரர் கூட்டத்துக்கு, வேட்டைத் திறமை மட்டும் போதவில்லை. சடங்கும் வேண்டியிருந்தது, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே முறையும் வேண்டியிருந்தது.

1187-இல் யோரிதோமோ ஹச்சிமான் கோயிலில் உயிர்களை விடுவிக்கும் விழாவைத் தொடங்கினார். பிடித்த மீனையும் பறவையையும் விட்டுவிடும் பௌத்தச் சடங்கு அது. அதனோடு யபுசமேயையும் சேர்த்தார். முதல் ஆண்டிலேயே இரண்டு சிக்கல்கள் வந்தன. இரண்டும் அக்கால வீரர்களின் மனத்தைத் திறந்து காட்டுபவை.

முதலாவது குமகாய் நவோசானேயின் மறுப்பு. இச்சினோதானி போரில் இளைஞன் அத்சுமோரியைக் கொன்றவராகக் கதைகளில் வாழ்பவர் அவர்தான். இலக்குப் பலகையை நட்டுப் பிடிக்கும் பணி அவருக்கு ஒதுக்கப்பட்டது. அவர் கொதித்துப் போனார். தலைவரின் நேர் ஊழியர்கள் அனைவரும் சமம். எய்பவர் குதிரைமேல், இலக்கு நடுபவர் தரையில் என்றால் சமம் எங்கே என்று கேட்டார். அது தாழ்ந்த வேலையல்ல, அவரவர் தகுதி பார்த்துக் கொடுத்த பொறுப்பு என்று யோரிதோமோ விளக்கினார். நவோசானே இறங்கி வரவில்லை. அவருடைய நிலத்தில் ஒரு பகுதி பறிக்கப்பட்டது. குதிரைமேல் இருப்பது அவர்களுக்கு வெறும் போர்முறை அன்று. தரையில் நிற்பதைவிட நிலத்தை இழப்பது மேல் என்று ஒருவர் முடிவெடுக்கும் அளவுக்கு அது மானப் பிரச்சினையாக இருந்தது.

இரண்டாவது, ஒரு கைதியின் கதை. சுவா மோரிசுமி ஷினானோ மாகாணத்தின் சுவா கோயிலைச் சேர்ந்தவர். நெடுங்காலம் கியோத்தோவில் தைரா குலத்தாரை அண்டி இருந்து, அங்கே நடந்த யபுசமேக்களில் ஓடியவர். அவர் கற்றதும் ஹிதேசாதோ வழி முறையே. காமகுராவுக்குப் பிந்தி வந்து சரணடைந்ததால் யோரிதோமோவின் கோபத்துக்கு ஆளாகிக் காவலில் இருந்தார். தலையை வாங்கிவிடலாம். வாங்கினால் அந்த முறையும் அவரோடு போய்விடும். யோரிதோமோ முடிவெடுக்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

விழா நாளில் மற்றவர்கள் ஓடி முடித்த பிறகு, மோரிசுமியை ஓடச் சொன்னார். கொடுத்தது லாயத்திலேயே மிகப் பொல்லாத குதிரை. அவர் ஏறப்போகும் நேரத்தில் லாயக்காரர் ஒருவர் காதோடு காதாகச் சொன்னார்: இலக்கை நெருங்கியதும் இது வலப்பக்கம் ஒதுங்கிவிடும். யபுசமேயில் இலக்குகள் இடப்பக்கம் இருக்கும். வில் இடக்கையில் இருக்கும். வலப்பக்கம் ஒதுங்கும் குதிரை என்றால், அம்பை விடும் கணத்தில் இலக்கு எட்டாமல் விலகிப்போகும் என்று பொருள். சொன்னபடியே குதிரை ஒதுங்கியது. மோரிசுமி அதை அழுத்தி நேராக்கி எய்தார். மூன்றும் பட்டன.

யோரிதோமோ விடவில்லை. ஐந்து அங்குலக் குச்சிகள் மூன்றில் சிறு மண் தட்டுகளைச் செருகி நட்டார்கள். மூன்று தட்டுகளும் உடைந்தன. அடுத்து, தட்டுகளைத் தாங்கியிருந்த குச்சிகளையே எய்ய வேண்டும் என்று ஆணை வந்தது. இது முடிவு என்று மோரிசுமிக்குத் தோன்றியது. தம் ஊர் சுவா தெய்வத்தை மனத்தில் வேண்டிக்கொண்டு, அம்பு முனையின் அகன்ற பக்கம் படுக்கை வாட்டில் வரும்படி திருப்பி எய்தார். மூன்று குச்சிகளும் அறுந்து விழுந்தன. மன்னிப்புக் கிடைத்தது.

அந்தக் கடைசிச் செயலில் நம்பிக்கையோடு கணக்கும் இருக்கிறது. நிற்கும் குச்சி மெல்லியது; செங்குத்தான முனை அதை உரசிக்கொண்டு போய்விடும். முனையைப் படுக்க வைத்தால் குறி ஓரிரு விரற்கடை பிசகினாலும் குச்சியை வெட்டும். குதிரை பாயும்போது, உயிர் ஊசலாடும்போது, அதை யோசித்து விரல்களால் செய்து முடிக்க வேண்டுமென்றால் அந்த உடம்பு எவ்வளவு காலம் பழகியிருக்க வேண்டும்!

அந்தப் பழக்கம் என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜப்பானிய வில் இரண்டு மீட்டருக்கும் அதிக நீளம். பிடி நடுவில் இல்லை. கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு நீண்ட வில்லைக் குதிரையின் கழுத்துக்கு மேலாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோக முடிகிறது. இரண்டு கைகளும் வில்லுக்கும் அம்புக்கும் தேவை. எனவே ஓட்டம் தொடங்கியதும் கடிவாளத்தை விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் குதிரைக்குச் சேதி சொல்வது தொடையும் முழங்காலும்தான்.

சேணத்தில் உட்கார்ந்துகொண்டு எய்ய முடியாது. குதிரையின் ஒவ்வொரு குதிப்பும் அம்பு நுனிக்கு ஏறிவிடும். அகன்ற தட்டு போன்ற அங்கவடியில் பாதம் முழுவதையும் ஊன்றி, இடுப்பைச் சேணத்திலிருந்து ஒரு மயிரிழை தூக்கி நிற்க வேண்டும். சேணத்துக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும் என்பார்கள். அதிகம் எழுந்தால் நிலை தடுமாறும். குறைவாக எழுந்தால் அதிரும். கீழே குதிரை துள்ள, மேலே தலையும் தோளும் ஒரே மட்டத்தில் மிதந்துபோக வேண்டும். ஓடுபாதை சுமார் 250 மீட்டர். இருபது விநாடிக்குள் முடிந்துபோகும். அதற்குள் முதல் அம்பை எய்து, இடுப்பிலிருந்து அடுத்ததை உருவி, கண்ணால் பாராமல் விரலால் தடவி நாணில் பூட்டி, இழுத்து, எய்து, மீண்டும் ஒருமுறை. கண் இலக்கைவிட்டு அம்புக்குத் திரும்பினால் அடுத்த இலக்கு கடந்துவிடும்.

இதனால்தான் புதிதாக வருபவரை எடுத்த எடுப்பில் குதிரையில் ஏற்றுவதில்லை. மரக்குதிரை ஒன்று இருக்கும். அதன்மேல் சேணமும் அங்கவடியும் பூட்டியிருக்கும். அதில் நின்று, எழுந்து, அம்பு பூட்டி, இழுத்து, விட்டு, இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். யோரிதோமோ காலத்தில் ஒகாசவாரா நாகாகியோவிடமிருந்து தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் ஒகாசவாரா மரபில், எழுவதும் உட்காருவதும் நடப்பதுமே முதல் பாடம். மெதுவாக, எதையும் பிடிக்காமல், தொடையின் வலுவில் மட்டும் எழுந்து உட்காரக் கற்ற உடம்புதான் அங்கவடியில் நிற்கும். காய் நாட்டு மினமோதோ கிளையில் அவருக்கு உறவினரான தகேதாக்களின் பெயரில் இன்னொரு மரபும் உண்டு. நடிகர் தோஷிரோ மிபுனே அந்த மரபில் பயின்றவர்.

இந்த இரண்டு மரபுகளும் இன்றுவரை அறுபடாமல் ஓடிவந்தன என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுத மாட்டேன். 15-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களும், 1543-இல் தானேகாஷிமா தீவுக்கு வந்த போர்த்துக்கீசியத் துப்பாக்கியும் குதிரை வில்லாளியின் இடத்தைப் பறித்துவிட்டன. 18-ஆம் நூற்றாண்டில் எட்டாம் தொக்குகாவா ஷோகுன் யோஷிமுனே பழைய ஏடுகளைத் தேடச்செய்து, ஒகாசவாரா குடும்பத்தாரை வைத்து யபுசமேயை மீட்டெடுத்தார். 1728-இல், அம்மை கண்ட தம் மகன் குணமடைய வேண்டி, எதோவின் தகாதாநோபாபா குதிரைத் திடலில் அதை நடத்தினார். இன்று காமகுராவில் செப்டம்பர் 16 அன்று பார்ப்பது அந்த மீட்பின் வழியே வந்தது. அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. கைவிட்டுப்போனதைத் தேடிப் பிடித்து மறுபடி உடம்புக்குக் கொண்டுவருவது, தொடர்ந்து வைத்திருப்பதைவிடக் கடினமான வேலை. அந்தக் கலையை விற்றுப் பிழைக்கக் கூடாது என்று ஒகாசவாரா குடும்பத் தலைவர்கள் வேறு தொழிலில் சம்பாதித்து வந்திருப்பதும் அந்த அக்கறையின் ஒரு பகுதிதான்.

காமகுரா வீரர்கள் பழகியது யபுசமே மட்டும் அல்ல. ‘கசகாகே’ என்பது சடங்கு குறைந்த, குறி கடினமான பயிற்சி. ஆதியில் தலைக்குடையையே இலக்காகத் தொங்கவிட்டார்கள் என்பர். ‘இனுஓமோனோ’வில் வேலியிட்ட திடலுக்குள் நாய்களை அவிழ்த்துவிட்டு மழுங்கிய அம்பால் துரத்தி எய்தார்கள். நகரும் குறிக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நாய்களின் பக்கமிருந்து பார்த்தால் அது கொடுமை, வேறு பெயரில்லை. 1881-இல் பேரரசர் மெய்ஜியின் முன்னிலையில் நடந்ததோடு அது நின்றுபோனது நல்லதே.

இவற்றுக்கு மேலே வேட்டை. 1193-இல் புஜி மலையடிவாரத்தில் யோரிதோமோ நடத்திய பெருவேட்டையில், அவருடைய மூத்த மகன் யோரியிஏ, பன்னிரண்டு வயதில், முதல் மானை வீழ்த்தினான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. காமகுராவிலிருந்த மனைவி மசாகோவிடம் சேதி சொல்ல ஆளை விரட்டினார். வீரர் தலைவரின் மகன் காட்டில் மானை அடிப்பதில் என்ன அதிசயம், இதற்கு ஒரு தூதா என்று கேட்டு அனுப்பினாராம் மசாகோ. அவர் ஹோஜோ வீட்டுப் பெண்.

அடுத்த ஆண்டு, 1194-இல், ஓயாமா தோமோமாசாவின் வீட்டில் ஒரு கூட்டம். கிழக்கின் தேர்ந்த வில்லாளிகள் 18 பேரை யோரிதோமோ அங்கே அழைத்திருந்தார். தலைநகர்ப் பக்கம் போகும்போது சுமியோஷி கோயிலில் யபுசமே நடத்தும் திட்டம் இருந்தது. மேற்கத்தியர் கண்முன் ஆளுக்கொரு விதமாக எய்து நிற்கக் கூடாது. அவரவர் குடும்ப முறையை எடுத்து வைத்து விவாதித்தார்கள். ஒகாசவாரா நாகாகியோ அங்கே இருந்தார். சுவா மோரிசுமியும் இருந்தார். ஏழு ஆண்டுகளுக்கு முன் தலை போகவிருந்த கைதி, இப்போது சொல்வதைக் கேட்க எல்லோரும் காத்திருக்கும் நிபுணர். இன்னொருவர், உன்னோ யுகியுஜி.

யுகியுஜியின் வரலாறு இன்னும் விசித்திரம். அவரும் ஷினானோக்காரர். யோரிதோமோவின் எதிரியாகிப்போன கிசோ யோஷினாகாவின் மகன், சிறுவன் யோஷிதாகா, காமகுராவில் பிணையாக இருந்தபோது, அவனோடு வந்த சம வயதுத் துணை. 1184-இல் யோஷினாகா கொல்லப்பட்டதும் மகனையும் கொல்ல யோரிதோமோ முடிவுசெய்தார். அந்தச் சிறுவன் பெண் வேடத்தில் தப்பினான். அவன் படுக்கையில் யுகியுஜி படுத்துக்கொண்டான். விடிந்ததும் அவன் இடத்தில் உட்கார்ந்து, இருவரும் தினமும் ஆடும் சுகோரோகு என்ற பகடையாட்டத்தைத் தனியாக ஆடிக்கொண்டிருந்தான். மாலைவரை யாருக்கும் தெரியவில்லை. யோஷிதாகா பின்னர் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். யுகியுஜியின் விசுவாசத்தைப் பார்த்த யோரிதோமோ அவனைத் தம் ஊழியனாகவே சேர்த்துக்கொண்டார்.

இங்கேதான் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. காமகுராவின் புகழ்பெற்ற குதிரை வில்வித்தையை வென்றவர்கள் தாங்களாகவே உருவாக்கவில்லை. உலகை விட்டுப்போன ஒரு துறவி, தோற்ற கட்சியின் கைதி, கொலையுண்ட எதிரிச் சிறுவனின் தோழன் ஆகியோரிடமிருந்து கேட்டுக் கேட்டுச் சேர்த்தார்கள். யோரிதோமோ கொடூரமானவர், சொந்தத் தம்பி யோஷித்சுனேயையே சாவுவரை துரத்தியவர். ஆனாலும் கற்பதில் அவர் பகை பார்க்கவில்லை.

1237-இன் ஏழாம் மாதம். யோரிதோமோ இறந்து 38 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதிகாரம் ஹோஜோ குடும்பத்தின் கையில். ஆட்சிக்காவலர் யசுதோகியின் பேரன், பதினோரு வயது தோகியோரி, அடுத்த மாத விழாவில் முதல்முறையாக யபுசமே ஓடப்போகிறான். ஹச்சிமான் கோயிலின் குதிரைத் திடலில் பயிற்சி. தாத்தாவே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். குறை இருந்தால் சொல்லும்படி, முதியவராகிவிட்ட உன்னோ யுகியுஜியை அழைத்திருந்தார்.

பையன் ஓடினான். பிறவித் திறமைதான் என்று யுகியுஜி பாராட்டினார். யசுதோகி விடாமல் குறையைக் கேட்டார். அம்பு பூட்டிய நேரத்தில் வில்லைக் கிடைமட்டமாக, ஒரே நேர்கோட்டில் பிடிக்கிறானே, அதுதான் என்றார் யுகியுஜி. அதுவும் ஒரு முறைதான். ஆனால் மறைந்த தலைவரின் காலத்தில், வில் எப்போதும் இழுக்கத் தயாராக, முஷ்டியால் உந்தி நிற்க வேண்டும், கிடைமட்டப் பிடி அழகல்ல என்று சைக்யோ சொன்னார். தலைவர் முன் கூடிய வில்லாளிகளில் யாரும் அதை மறுக்கவில்லை. எனவே வில்லைச் சற்றே சாய்த்து, மேலே விழும் தண்ணீர் வழிந்து ஓடும் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்திலிருந்த மூத்தவர் மியுரா யோஷிமுரா, இதைக் கேட்டதும்தான் தமக்கும் நினைவுக்கு வருகிறது என்றார். இனி இந்த முறையையே கைக்கொள்ள வேண்டும் என்று யசுதோகி முடிவு சொன்னார். மூங்கில் வில்லின் நுனி சற்றே உயர்வது சின்ன விஷயம். ஆனால் எய்வதற்குத் தோது எது, பார்ப்பதற்கு அழகு எது என்ற கேள்வியில் எய்வதன் பக்கம் நின்ற தீர்ப்பு அது. 1186-இன் பௌர்ணமி இரவில், எதுவும் நினைவில்லை என்று தொடங்கிய துறவி சொன்னது.

தோகியோரி வளர்ந்து 1246-இல் ஆட்சிக்காவலரானார். 1261-இல் கோகுராகுஜியில் ஷோகுன் முனேதாகாவின் முன்னால் கசகாகே நடந்தது. தாழ்வாக நட்ட சிறு இலக்கை எய்வதையும் பார்க்க ஷோகுன் ஆசைப்பட்டார். அதைப் பழகியவர்கள் யாரும் முன்வரவில்லை. அந்தப் பழக்கமே அருகிவிட்டிருந்தது. என் மகன் செய்வான் என்று தோகியோரி ஆளனுப்பி அழைத்தார். பையனுக்கு அப்போது, தந்தை முதலில் யபுசமே ஓடிய அதே பதினோரு வயது. ஒரே ஓட்டம், ஒரே அம்பு, இலக்கு சிதறியது. அவன் திரும்பிப் பாராமல் அப்படியே வீட்டுக்குக் குதிரையை விட்டான் என்கிறது ‘அசுமா காகாமி’.

அந்தப் பையன் ஹோஜோ தோகிமுனே. பதின்மூன்று ஆண்டுகளில் மங்கோலியக் கப்பல்கள் ஹகாதா விரிகுடாவுக்கு வந்தபோது ஜப்பானை ஆண்டவர். ஒற்றைக்கு ஒற்றை எய்யப் பழகிய வீரர்கள், கூட்டமாக முரசடித்து வந்து வெடிகளை வீசிய படையை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை, அதில் காயம்பட்டும் உயிர் தப்பித் தன் கதையை ஓவியச் சுருளாக வரையச் செய்த தகேசாகி சுஎனாகாவின் வழியே அடுத்த இதழில் பார்ப்போம்.